ஊருக்குக் கேட்காத சாவு

அத்தியாயம் 11

நெரமண்ட காளப்பாவின் மூச்சு விடியும் நேரத்தில் நின்றது.

பூணச்சா அப்பாவின் கண்களை மூடினான். தாடையைத் துணியால் கட்டினான். எழுந்து கூடத்தைக் கடந்து முற்றத்துக்கு வந்தான். இரண்டு நாள் முன்பு பெய்த மழைக்குக் காபிச் செடிகள் மொத்தமாகப் பூத்திருந்தன. சரிவு முழுக்க வெள்ளை. அந்த வாசனையில் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான், தான் எதற்காக அங்கே வந்தோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கை வெறுங்கையாக இருந்தது.

குடகில் ஒரு வீட்டில் ஆள் இறந்தால், அழுகைக்கு முன் வெடி. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து அடுத்தடுத்து இரண்டு. அதைக் கேட்டவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் வர வேண்டும். அப்பாவுக்கு அப்பா செத்தபோது அப்பா சுட்டார். இன்று பூணச்சாவின் முறை.

துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்தவன் அவன்தான். தேர்தல் தேதி அறிவித்ததும், வீட்டிலிருக்கும் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. காளப்பா முடியாது என்றார். லைசென்சே வேண்டாம் என்று சட்டம் விலக்கி வைத்திருக்கும் ஜனத்திடம் இதைக் கேட்க இவர்கள் யார் என்றார். பெங்களூரில் ஓர் அமைப்பு அந்த விலக்கையே ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்த நேரம். துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் தலைவர் உத்தய்யாவுக்கு ஒரு யோசனை வந்தது. போலீஸ் வீடு வீடாக வந்து வாங்குவதற்கு முன் நாமே கொடுப்போம். குப்பியா அங்கி அணிந்து, இடுப்பில் கத்தி செருகி, கொம்பும் மேளமுமாக ஊர்வலம் போய்க் கொடுப்போம். எவ்வளவு ஒழுங்கான ஜனம் என்று கோர்ட்டே பார்க்கட்டும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திருப்பி வாங்கித் தருவதாக எம்.எல்.ஏ. சத்தியம் செய்திருக்கிறார்.

சங்கத்தின் தாலுகா செயலாளர் பூணச்சா வீடு வீடாக ஏறி இறங்கினான். ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் கொடுத்தது. கடைசியாக வந்தவர் காளப்பா. மகன் முகத்துக்காக வந்தார். ஸ்டேஷன் வாசலில் இரட்டைக்குழலைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் நடந்தே வீடு திரும்பினார்.

பத்திரிகையில் படம் வந்தது. துப்பாக்கிகள் வரவில்லை.

"ஏன்டா நிக்கிற?"

அம்மா அக்கம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் இன்னும் அழவில்லை. வெடி கேட்ட பிறகு அழலாம் என்று காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"வெடியைப் போடு."

"அவ்வா..."

"என்ன அவ்வா?"

அவன் வெறுங்கையை விரித்துக் காட்டினான். அவளுக்கும் நினைவு வந்தது. முகம் மாறுவதை அவன் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கிருந்தாவது கொண்டு வா."

"ஊர்ல ஒரு துப்பாக்கி கூட இல்ல, அவ்வா."

"அதைப் பண்ணினது யாரு?"

அவன் சரிவுப் பக்கம் திரும்பினான்.

"பூணச்சா, நான் சொல்றதைக் கேட்டுக்கோ. வெடி போடாம அவரை எடுக்க விடமாட்டேன். யாருக்கும் தெரியாம கொண்டுபோய் எரிக்கிறதுக்கு அவர் என்ன களவாணியா? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். அதுக்குள்ள நீ என்ன பண்ணுவியோ பண்ணு."

உள்ளே தேச்சம்மா அப்பாவின் கால் விரல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூணச்சாவின் தங்கை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஊர்வலத்தன்று கதவைச் சாத்திக்கொண்டவள், அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதில்லை. இப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூணச்சா ஃபோனை எடுத்து எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். கும்பிடும் கைகள் வந்தன. மஞ்சள் மஞ்சளாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, திரை நிறையக் கைகள். வாசலுக்கு ஆள் யாரும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு பித்தப்பா வந்தார். அடுத்த தோட்டத்துக்காரர். முழங்கால் வரை சேறு. கையில் மண்வெட்டி. வந்த வேகத்தில் அதை முற்றத்தில் எறிந்தார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் மிளகுக் கொடிக்குக் குழி வெட்டிக்கிட்டு இருக்கேன்டா! பால்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? காளப்பா செத்ததைப் பால்காரன் வந்து சொல்லணுமா?"

"மெசேஜ் போட்டேன் மாமா."

"மெசேஜா? கண்ணாடி இல்லாம எனக்கு என் பொண்டாட்டி மூஞ்சியே தெரியாது. மெசேஜ் படிப்பேனா? நாலு வீடு தாண்டி முத்தண்ணா கேக்கிறான், வெடி கேக்கலையே, நெசமாவே போயிட்டாரான்னு. நான் என்ன சொல்லட்டும்? செயலாளர் வீட்ல இனிமே சத்தமில்லாமத்தான் சாவாங்கன்னு சொல்லட்டுமா?"

பூணச்சா தலை குனிந்து நின்றான். பித்தப்பா கொஞ்சம் தணிந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது அவன் தோளில் ஒரு முறை கை வைத்தார். அந்தக் கைதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனான்.

*

சமுதாயக் கூடத்தில் எம்.எல்.ஏ.யின் பிரசாரக் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் மதியம். வந்தவர்களுக்குக் கடம்புட்டு என்ற அரிசி உருண்டையும் பன்றிக் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. 'எங்கள் துப்பாக்கி, எங்கள் மானம்'. அதில் ஊர்வலப் படம் அச்சிட்டிருந்தது. முன் வரிசையில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி, யாரையும் பார்க்காமல் நடந்துவரும் காளப்பா.

பூணச்சா அந்தப் படத்தின் முன்னால் நின்றான். பந்தல்காரர்கள் அவனைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"அடடே, பூணச்சா!" உத்தய்யா கையை விரித்துக்கொண்டு வந்தார். வெளுத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. "கேள்விப்பட்டேன்பா. பெரிய மனுஷர். உடைஞ்சு போயிட்டேன். சாப்பிட்டியா? சரி சரி, இன்னிக்கு நீ சாப்பிடக் கூடாது."

"தலைவரே, வெடி போடணும்."

"போடணும்ல."

"துப்பாக்கி வேணும். எங்க வீட்டுத் துப்பாக்கி மட்டும் போதும். ஒரு மணி நேரம். எம்.எல்.ஏ.கிட்ட சொல்லி ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

உத்தய்யா அவனைத் தள்ளிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

"இன்னிக்கு வேணாம்பா. நடத்தை விதி அமல்ல இருக்கு. அவர் வாயைத் திறந்தா எதிராளி வீடியோ எடுப்பான். ஓட்டுப்பதிவு முடியட்டும், பாத்துக்கலாம்."

"ஓட்டுப்பதிவு வரைக்கும் எங்கப்பாவை எங்க வைக்கட்டும்?"

"கோபப்படாத. நான் ஒண்ணு சொல்றேன். தீபாவளிக்கு வருதே, பெரிய வெடி. ரெண்டு வாங்கி முற்றத்துல போடு. சத்தம்தானே வேணும்? சாமிக்குத் தெரியப் போகுதா?"

பூணச்சா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவன் ஒருவன் வாளியோடு அவர்களுக்கு நடுவில் புகுந்து போனான்.

"பட்டாசா?" என்றான் பூணச்சா.

"ஒரு வழிதானே சொன்னேன்."

அதற்குள் எம்.எல்.ஏ.யே வந்துவிட்டார். கை கூப்பினார். குரலைத் தாழ்த்தினார். பூணச்சாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காளப்பா தனக்கு அப்பா மாதிரி என்றார். சாயங்காலம் மாலையோடு வருவதாகச் சொன்னார். பிறகு உத்தய்யாவைப் பார்த்தார். உத்தய்யா தொண்டையைச் செருமினார்.

"பூணச்சா, எம்.எல்.ஏ. ஐயா என்ன நினைக்கிறார்னா... இன்னிக்குப் பேசும்போது அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லலாமான்னு. துப்பாக்கி இல்லாம ஒரு குடகன் செத்தான்னு. ஜனம் கொதிச்சுப் போயிடும். உனக்கு ஆட்சேபனை இல்லைன்னா நீயும் மேடையில ஓரமா..."

"துப்பாக்கி இல்லாம செத்தது உங்களாலதானே?"

"அது வேற விஷயம்."

"எது வேற விஷயம்?"

"பெங்களூர்க்காரங்க வழக்குப் போட்டாங்க. அவங்களாலதான் இவ்வளவும். நம்ம சண்டை அவங்களோட."

பூணச்சா கூடத்தைப் பார்த்தான். நாற்காலிகள், ஒலிபெருக்கிகள், அண்டாக்கள், அப்பாவின் படம். பெங்களூர்க்காரர்கள் அந்த வழக்கைப் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்துக்கு யார் வந்திருப்பார்கள் என்று யோசித்தான். சங்கத்தில் யார் சேர்ந்திருப்பார்கள். அந்த அமைப்புக்காரர்களும் அங்கே ஒரு கூடத்தில் இதே மாதிரி ஒரு பதாகையைக் கட்டியிருக்கலாம். அதில் ரத்தமும் துப்பாக்கியும் போட்டிருக்கலாம். அவர்களில் ஒருவர்கூட ஒரு சாவு வீட்டு முற்றத்தில் நின்றிருக்க மாட்டார். இவர்கள் நின்றிருக்கிறார்கள். நின்ற பிறகும் பட்டாசு போடச் சொல்கிறார்கள்.

"அந்தப் படத்தை எடுங்க" என்றான்.

"எதை?"

"எங்கப்பா படத்தை. கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுங்க. இல்லேன்னா நான் வந்து கிழிப்பேன்."

எம்.எல்.ஏ. அவன் கைகளை விட்டார். உத்தய்யாவின் முகம் சிவந்தது.

"செயலாளர் மாதிரி பேசு பூணச்சா."

"இல்ல. மகன் மாதிரி பேசறேன். செயலாளருக்கு வேற ஆளைப் பாருங்க."

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். திருப்பவில்லை. அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. உத்தய்யா கொடுத்த வாக்கைத்தான் அவன் அப்பாவுக்குக் கொடுத்தான். அப்பா அதை மகன் வாக்கு என்று நினைத்து வாங்கிக்கொண்டார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

ஃபோன் அடித்தது. தேச்சம்மா. ஊர்வலத்துக்குப் பிறகு முதல் முறை.

"கிடைச்சுதா?"

"இல்ல தேச்சி."

"என்ன சொன்னாங்க?"

"பட்டாசு போடச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் அவள் பித்தப்பாவிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு அவள் சாதாரணமாக, தோட்டத்து வேலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"சரி. நீ ஸ்டேஷன்ல போய் நில்லு. நாங்க வர்றோம்."

"நாங்கன்னா?"

"நானும் அவ்வாவும். அப்பாவும்."

*

பித்தப்பாவின் காபி மூட்டை ஏற்றும் வண்டி ஸ்டேஷன் வளாகத்துக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தது தேச்சம்மா. பின்னால் மெத்தை விரித்து, வெள்ளைக் குப்பியாவும் சிவப்புப் பட்டு இடுப்புக் கச்சையும் அணிந்து, காளப்பா படுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வெள்ளையை அணிவது இன்றுதான். தலைமாட்டில் அக்கம்மா. கால்மாட்டில் பித்தப்பா, அதே சேற்றுக் காலோடு.

இன்ஸ்பெக்டர் ஹிரேமட் படியில் இறங்கி வந்தார். குடகுக்கு வெளியே, தார்வாட் பக்கத்துக்காரர். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார்.

"என்னம்மா இது?"

"எங்கப்பா" என்றாள் தேச்சம்மா. "துப்பாக்கி வீட்டுக்கு வராதுன்னு சொன்னீங்களாம். அதான் அவர் வந்திருக்கார்."

"நான் எதுவும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க."

ஹிரேமட் பூணச்சாவைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவர். சங்கத்துக்காரர். உங்களுக்குத் தெரியும். தேர்தல் முடியற வரைக்கும் என்னால ஒண்ணையும் வெளியே விட முடியாது."

"தெரியும் சார்."

"அப்புறம்?"

பூணச்சா பதில் சொல்வதற்குள் தேச்சம்மா முன்னால் வந்தாள்.

"வெளியே விட வேணாம். இந்த முற்றம் உங்க முற்றம்தானே? இங்கயே வெச்சு ரெண்டு வெடி. எங்க வீட்டு ஆள் சுடணும், அவ்வளவுதான். தோட்டா நான் கொண்டு வந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஊர்வலத்தன்று தோட்டாவை யாரும் கேட்டிருக்கவில்லை, யாரும் கொடுத்திருக்கவுமில்லை.

"நம்ம போலீஸ்காரங்களை விட்டு மரியாதையா சுடச் சொல்லட்டுமா?" என்றார் ஹிரேமட். உண்மையாகவே உதவ நினைத்துத்தான் கேட்டார்.

பித்தப்பா வண்டியிலிருந்து சிரித்தார். "ஐயா, அதுக்கு அவர் மந்திரியா இருந்திருக்கணும். இவர் வெறும் காளப்பா. மகன் சுட்டாத்தான் சாவு, இல்லேன்னா சத்தம்."

ஹிரேமட் ஃபோனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் எடுக்கவில்லை. எல்லோரும் தேர்தல் வேலையில் இருந்தார்கள். அவர் ஃபோனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கம்மா தன் தலைப்பை விரித்து, காளப்பாவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை மாற்றவே இல்லை.

"எங்க ஊர்லயும் அப்பா செத்தா மகனுக்கு ஒரு கடமை உண்டும்மா" என்றார் ஹிரேமட், யாரிடம் என்று இல்லாமல். பிறகு பூணச்சாவிடம் திரும்பினார். "ரெண்டே ரெண்டு. வானத்தைப் பாத்து. முடிஞ்சதும் துப்பாக்கியை என் கையில குடுத்துடணும். வாக்குக் குடுங்க."

"குடுக்கறேன்" என்றான் பூணச்சா.

தேச்சம்மா கடைத்தெருப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

கான்ஸ்டபிள் லோகேஷ் பின்னறையைத் திறந்தான். பூணச்சாவும் கூடப் போனான். ஒரு நிமிடம் அவனுக்குக் கண் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஊரின் துப்பாக்கிகள் எல்லாம் சுவரோரமாக, அடுப்புக்கு வெட்டிய விறகு மாதிரி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. கூரை ஒழுகி, மேலே கிடந்தவற்றின் குழலில் துரு பூத்திருந்தது. கைல்போது பண்டிகைக்குத் துடைத்து, எண்ணெய் பூசி, சிவப்புக் காந்தள் பூச் செருகி, விளக்குக்கு முன் வைத்துக் கும்பிடுகிற துப்பாக்கிகள். சிலவற்றில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டு நனைந்து எழுத்து அழிந்திருந்தது.

"கூரையைச் சரிபண்ணச் சொல்லி எழுதியிருக்கோம் அண்ணா" என்றான் லோகேஷ், சங்கடமாக. அவனும் பக்கத்து ஊர்க்காரன்தான்.

"யாராவது ஒரு தடவை வந்து பாத்தாங்களா? எங்க சங்கத்துலேருந்து?"

"இல்லண்ணா."

"எம்.எல்.ஏ. ஆளுங்க?"

லோகேஷ் தலையை ஆட்டினான்.

பூணச்சாவும் வந்து பார்க்கவில்லை. அதை லோகேஷ் சொல்லவில்லை.

குவியலில் அப்பாவின் இரட்டைக்குழலைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. எடுத்தான். சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தான். குழலுக்குள் ஊதிப் பார்த்தான். மெல்லத் துடைத்தான், லோகேஷ் வாசலில் காத்துக்கொண்டிருந்தும்.

வெளியே வந்தபோது தேச்சம்மா தோட்டாக்களை நீட்டினாள். அவன் அவளிடமே துப்பாக்கியை நீட்டினான்.

"நீ சுடு தேச்சி. எனக்குத் தகுதியில்ல."

"தகுதி பாத்துக்கிட்டு நிக்காத அண்ணா" என்றாள் அவள். "குடுத்தவன் நீ. நீயே சுடு."

அவன் தோட்டாக்களை உள்ளே போட்டு மூடினான். முற்றத்தின் நடுவில் போய் நின்றான். துப்பாக்கியைத் தூக்கினான்.

முதல் வெடி. ஸ்டேஷன் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்தன. அவை திரும்பி வளைவதற்குள் இரண்டாவது.

சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அடங்கிய பிறகு அக்கம்மா அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. வண்டியே குலுங்கியது.

ஹிரேமட் கை நீட்டினார். "குடுங்க சார்."

பூணச்சா அவருக்கு நேராக நடந்தான். அப்போது சமுதாயக் கூடத்து ஒலிபெருக்கி அவர்கள் காதில் விழுந்தது. எம்.எல்.ஏ. பேசிக்கொண்டிருந்தார்.

"...இந்த மண்ணின் மானத்தைக் காக்க, என் உயிரையே... உட்காருங்க, பெரியவங்களே, உட்காருங்க... அண்ணே, எங்க போறீங்க? இன்னும் முடியல... அந்த வரிசையில இருக்கிறவங்க தயவு செஞ்சு... உத்தய்யா, என்னய்யா நடக்குது? எல்லாரும் எங்கய்யா எழுந்து போறாங்க?"

பிறகு ஒலிபெருக்கி கீச்சிட்டு நின்றது.

கடைத்தெருவில் ஷட்டர் ஒன்று இறங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாதபடி. ஸ்டேஷன் வாசலில் முதலில் தெரிந்தவர் சைக்கிள் கடை முத்தண்ணா, கையெல்லாம் கிரீசோடு. அவருக்குப் பின்னால் மிளகு மண்டிக்காரர்கள். மூன்று பெண்கள், பாதி வாங்கிய காய்கறிப் பையோடு. கூடத்திலிருந்து வருகிறவர்கள், கை கழுவக்கூட நேரமில்லாமல், எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டார்கள். தலையைத் துணியால் மூடினார்கள். சாவு வீட்டு வாசலில் செய்வது போலவே.

ஹிரேமட் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இவங்கல்லாம் ஏன் இங்க வர்றாங்க? நாலு பேருக்கு மேல கூடக் கூடாது!"

"வெடி கேட்டுச்சுல்ல, அதான் வர்றாங்க" என்றாள் தேச்சம்மா. "கேட்டா வரணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"நீங்க சொல்லலையேம்மா!"

"நீங்க கேக்கலையே சார்."

கூட்டத்தின் கடைசியில் உத்தய்யாவும் வந்தார். அவராலும் வராமல் இருக்க முடியவில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தார். ஜனம் அவருக்கு வழிவிட்டது. யாரும் அவரோடு பேசவில்லை. அவர் கழற்றினார்.

திறந்து கிடந்த பின்னறையை முத்தண்ணா பார்த்துவிட்டார். கிட்டே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"விறகு."

அந்த வார்த்தை ஆளுக்கு ஆள் கைமாறிப் பின்னால் போவதைப் பூணச்சா பார்த்தான். ஒவ்வொரு முகமாக அது போய்ச் சேர்ந்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹிரேமட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், துப்பாக்கி" என்றார் அவர் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது. "வாக்குக் குடுத்தீங்க."

பூணச்சா கையிலிருந்ததைப் பார்த்தான். குழல் இன்னும் சூடாக இருந்தது.

"இங்க கொண்டா" என்றாள் அக்கம்மா வண்டியிலிருந்து. அழுகை நின்றிருந்தது. "அவர் பக்கத்துல வை. சுடுகாடு வரைக்கும் அது அவரோட வரும். அதுக்கப்புறம் யாருக்கு வேணுமோ அவங்க என் வீட்டுக்கு வந்து, என்கிட்ட கேக்கட்டும்."

பூணச்சா இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றான்.

"சார், நீங்க நல்லவர். அதனால நேராவே சொல்றேன். உங்களுக்குக் குடுத்த வாக்கை உடைக்கிறேன். எங்கப்பாவுக்குக் குடுத்ததை ஏற்கெனவே உடைச்சாச்சு, ரெண்டையும் சேத்துக் காப்பாத்த என்னால முடியல. வழக்கு எழுதுங்க. என் பேர்ல மட்டும் எழுதுங்க. நெரமண்ட பூணச்சா. சங்கம், பதவி ஒண்ணும் போட வேணாம்."

துப்பாக்கியை அப்பாவின் வலது கைப் பக்கம், நீளவாக்கில் வைத்தான். அக்கம்மா அதன் மேல் தன் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

தேச்சம்மா வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி நகர்ந்து அண்ணனுக்கு இடம் விட்டாள். அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான்.

வளாகத்தின் கேட் சாத்தியிருந்தது. கூட்டம் பெருகியதும் ஹிரேமட்தான் சாத்தச் சொல்லியிருந்தார். பூட்டின் பக்கத்தில் லோகேஷ், கையில் சாவியோடு. கேட்டுக்கு உள்ளேயும் ஜனம், வெளியேயும் ஜனம். வண்டிக்கு வழி விட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பின்னறை வாசலைப் பார்த்தபடி, அங்கங்கே தரையில் உட்காரத் தொடங்கினார்கள்.

ஹிரேமட்டின் ஃபோன் அடித்தது. மேலதிகாரி இப்போதுதான் கூப்பிடுகிறார்.

"ஆமா சார்... ரெண்டு ரவுண்டு சார்... இல்ல சார், வேற எங்கயும் இல்ல, ஸ்டேஷன்லதான் சார்... கூட்டமா? கூட்டம்..." அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இருங்க சார்."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டு, கேட்டைப் பார்த்தார். லோகேஷ் அவரைப் பார்த்தான். வண்டியில் படுத்திருந்த வெள்ளைக் குப்பியாவையும் பார்த்தான்.

"அண்ணா, இன்ஜினை நிறுத்துங்க" என்றான், கெஞ்சுகிற மாதிரி. "சார் சொல்லட்டும்."

பூணச்சா நிறுத்தவில்லை.